வாசல் தாண்டாத வண்டி

மயிலாப்பூர், சென்னை
14 செப்டம்பர் 1946

அன்பு மகள் ஷாகிராவுக்கு,

உன் அத்தா ஷரீஃபின் ஸலாம். நீயும் மாப்பிள்ளை இனாயத்தும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள வேண்டும். பெங்களூர்க் குளிர் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று உன் அம்மா தினமும் ஒரு பாட்டம் சொல்லிவிடுகிறாள். காதை மூடிக்கொள். கம்பளி இல்லையென்றால் மாப்பிள்ளையின் மப்ளரைப் பிடுங்கிக்கொள். அவர் கோபித்தால் என் பெயரைச் சொல்.

ரேஷன் அரிசியில் அரிசியைவிட வண்டு அதிகம். கடையிலும் மந்தம்தான். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, கறுப்புத் துணியோ கன்ட்ரோலில் கிடைப்பதே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் பழைய குடைக்குக் கம்பி மாற்றித் தரச் சொல்கிறார்கள். பழுதுக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனவர்களின் குடைகளை வழக்கம்போல் பரணில் வைத்திருக்கிறேன். அதையெல்லாம் விற்றால் என்ன என்று நீ கேட்பாய். மனசு வரவில்லை, போ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் அக்பர் பாஷாவின் மோட்டார் சைக்கிளை விற்றுவிடுவதென்று முடிவு செய்தேன். காரணம் உன் அண்ணி சகினா. அடையாறில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் குலாம் தஸ்தகீர் என்பவர், மனைவியை இழந்தவர், அவளைக் கேட்டுப் பெரியவர்கள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நல்ல மனிதர் என்று பள்ளிவாசலில் எல்லாருமே சொல்கிறார்கள். அவருக்குத் திருச்சிக்கு மாற்றல் வருகிறதாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதற்கு எத்தனை காலமானாலும் காத்திருக்கிறேன் என்றாராம். காஜியிடம் கேட்டேன். கணவனைப் பற்றி நாலு வருஷம் தகவலே இல்லையென்றால் பெண் கோர்ட்டில் கேட்டு விடுதலை வாங்கச் சட்டமே இடம் தருகிறது, அதன் பிறகு இத்தாக் காலம் காத்திருந்து மறுமணம் செய்யலாம் என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. வெளியே வந்து செருப்பைத் தேடினேன், என் காலில்தான் இருந்தது.

சிங்கப்பூருக்குப் போனவன், அது ஜப்பான்காரர்களிடம் விழுந்த பிறகு அவனிடமிருந்து ஒரு வரி கிடையாது. சண்டை முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கியபோது நான் துறைமுகத்திலேயே பழியாய்க் கிடந்தது உனக்குத் தெரியும். சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள் என்று ஒரு நாகூர்க்காரர் சொன்னார். போனதைப் பார்த்தேன் என்றார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தொழுதுவிட்டு துஆவுக்குக் கை ஏந்தும்போது அவன் பெயர் வந்தால் இன்றைக்கும் தடுமாறுகிறேன். இருப்பவனுக்கு ஆயுளைக் கேட்க வேண்டும், போனவனுக்கு மன்னிப்பைக் கேட்க வேண்டும். எதைக் கேட்பது? அவன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

வண்டி முற்றத்தில் நிற்கும்வரை இந்த வீட்டில் யாருக்கும் தஸ்தகீர் பேச்சை எடுக்க வாய் வராது. அதனால்தான் முதலில் வண்டி போகட்டும் என்று நினைத்தேன். தியாகராய நகரில் கம்பவுண்டராக இருக்கும் சுப்புராயன் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கோணியை விலக்கினோம். ஆசனத்தில் அவன் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. நானும் சுப்புராயனும் தள்ளிப் பார்த்தோம். பின்சக்கரம் அசையவே இல்லை. பலமாக இழுத்ததில் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு வந்து வாசற்படிக் கல்லில் முட்டி நின்றுவிட்டது.

மீன் விற்க வரும் நொச்சிக்குப்பத்துத் தேவானைதான் சேட்டு என்கிற மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். சேட்டு சக்கரத்தைக் கழற்றி எனக்குக் காட்டினான். சக்கரத்தின் நடுவில் டப்பா மாதிரி ஒரு டிரம், அதற்குள் பிறை வடிவில் இரண்டு கட்டைகள். காலால் மிதித்தால் கட்டைகள் விரிந்து டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும், காலை எடுத்தால் ஸ்பிரிங் அவற்றைப் பழையபடி இழுத்துக்கொள்ளும். “நாலஞ்சு வருசம் மய தண்ணில நின்னுகினு கீது பாய். அச்சு துருவேறி கட்ட விரிஞ்சது விரிஞ்ச மாரியே புட்ச்சிக்கிச்சு” என்றான். எனக்குப் புரிந்தது. துருப்பிடித்த குடையும் இப்படித்தான், விரித்தால் மடங்காது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் டிரம்மைத் தேய்த்து, அச்சுக்கு கிரீஸ் வைத்தான். கட்டையில் மட்டும் ஒரு பொட்டு எண்ணெய் படக் கூடாதாம், பட்டால் பிரேக் பிடிக்காமல் ஆளையே கொண்டுபோய்விடுமாம். முன் பிரேக்கின் கம்பியையும் சரிசெய்தான். சாயங்காலம் முற்றத்தில் உருட்டிப் பார்த்தோம். தொட்டில் போல ஓடியது. சகினா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் சுப்புராயன் வந்தார். இரண்டடி தள்ளியிருப்போம். வண்டி நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை ஷாகிரா. ‘ம்ம்’ என்று ஒரு சத்தம். விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனால் உன் அண்ணன் போர்வைக்குள்ளிருந்து முனகுவானே, அதே சத்தம். சுப்புராயன் கையை எடுத்துவிட்டார். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்றபடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தேவானைதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “உம் புள்ளதான் புச்சிக்கினு கீறான் பாயம்மா. வுட்றா நைனான்னு நீதான் சொல்லணும், வேற யார் சொன்னாலும் வுட மாட்டான்” என்றாள்.

நான் அந்த மாதிரிப் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதவன். ஆனாலும் ஆயத்துல் குர்ஸி ஓதி வண்டியின்மேல் ஊதினேன். ஊதிய பிறகு எனக்கே பொறுக்கவில்லை. எதை விரட்டுகிறேன்? என் பிள்ளையையா? இப்போது வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் வருகிறேன். கடையில் யாராவது குடையை மடக்கினாலும் அந்த முனகல் கேட்கிறது. பயமாக இருக்கிறது. பயத்தைவிட இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதத் தெரியவில்லை.

சேட்டு கிண்டியில் ஒரு லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறான். அடுத்த வாரம் வருவானாம். வந்ததும் எழுதுகிறேன். உனக்கும் உன் அம்மா ஆமீனாவுக்கும் உன் வயிற்றுப் பிள்ளைக்கும் துஆ செய்துகொண்டிருக்கும்,

அத்தா ஷரீஃப்


மயிலாப்பூர்
28 செப்டம்பர் 1946

அன்பு மகள் ஷாகிராவுக்கு ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. பச்சை மாங்காய் கேட்டிருக்கிறாய். இந்த மாதத்தில் மாங்காய்க்கு நான் எங்கே போவேன்? ஊறுகாய் அனுப்புகிறேன், அதை வைத்துச் சமாளி. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மாப்பிள்ளைக்கும் காட்டு. ஆனால் அம்மாவுக்கு எழுதும்போது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

சேட்டு வந்தான். சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தவன் சட்டென்று நிமிர்ந்து, “பேயும் இல்ல ஒண்ணும் இல்ல பாய். இத்த யாரோ இறுக்கிக் கீறாங்க” என்றான். கால் பிரேக்கிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு கம்பி போகிறது. அதன் நுனியில் இரண்டு காது வைத்த நட்டு ஒன்று இருக்கிறது. அதை விரலாலேயே திருகலாம். திருகத் திருகக் கட்டைகள் விரிந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்கின்றன. அவன் திருப்பித் திருகினான், சக்கரம் சுற்றியது. அந்த ‘ம்ம்’ என்ற முனகல் கட்டை டிரம்மில் உரசிய சத்தம்தான். இவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் இல்லை என்று ஆகிவிட்டதே என்றுதான் இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று சேட்டுவை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் தொட்டுப் பார்த்தால் நட்டு மறுபடி இறுகியிருந்தது.

சகினாதான் என்று நினைத்தேன். வேறு யார்? கட்டினவன் வண்டி. வாய் திறந்து சொல்ல முடியாததைக் கையால் சொல்லுகிறாள் என்று தோன்றியது. அவளைக் கூப்பிட்டு, நான் அடையாறுக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், உன் மனசு எனக்குத் தெரியும், நட்டைப் பார்த்தேன் அம்மா என்றேன். அவள், “எந்த நட்டு, மாமா?” என்று கேட்டாள்.

நான் விளக்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. தேவானையிடம் சொல்லிச் சேட்டுவை வரவழைத்ததே தான்தான் என்றாள். “தினம் எழுந்ததும் அந்த வண்டி முகத்துலதான் முழிக்கிறேன் மாமா. அவங்க வந்துட்டாங்களோன்னு ஒவ்வொரு நாளும் ஒரு நிமிஷம் நினைச்சிடுறேன். அந்த ஒரு நிமிஷத்தை என்னால இனிமே தாங்க முடியல. தஸ்தகீர் வாத்தியாருக்குச் சரின்னு சொல்ல எனக்கு இஷ்டம்தான். மாமி முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் முடியல” என்று அழுதாள். மாமி இந்த விஷயத்தில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். நான் அதை உன் அம்மாவிடம் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா தலையில் முக்காட்டோடு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அந்த நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

உனக்கு நினைவிருக்கும், உன் அண்ணன் வெளியூர் போனால் அவன் சிநேகிதர்கள் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்காக அவன் கண்டுபிடித்த தந்திரம் அது. அவன் வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி பொறுக்கியவள் அவள்தானே, அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான். சிங்கப்பூருக்குக் கிளம்பின அன்றைக்கு, “நான் வந்து நானே லூஸ் பண்ணுவேன், அதுவரைக்கும் யாரையும் எடுக்க விடாதேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனானாம். இவள் சரி என்றாளாம். ஜப்பான் குண்டுக்குப் பயந்து ஊரே காலி செய்து ஓடியபோது நாம் வாணியம்பாடிக்குப் போனோமே, திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல், ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலில் இருக்கும் நேரத்தில் பார்த்துவருகிறாள். சேட்டு தளர்த்தியபோதெல்லாம் அன்று இரவே எழுந்து இறுக்கியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. நான் அவன் மனைவியின் வேலை என்று நினைத்தேன். அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதே என்று மெதுவாகத்தான் சொன்னேன். “சரின்னு சொன்னவ நான். வந்து, ஏம்மா லூஸ் பண்ணினேன்னு அவன் கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க?” என்றாள். வர மாட்டான் என்கிற வார்த்தையை அவளிடம் சொல்கிற வாய் எனக்கு இல்லை. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நடுக்கூடத்தில் சகினா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

எனக்கு வழி தெரியவில்லை மகளே. ஒருத்தியைக் காப்பாற்றப் போனால் இன்னொருத்தியைக் கொன்றுவிடுவேன் போலிருக்கிறது. உன்னைப் பிரயாணம் செய்யச் சொல்லவும் முடியாது. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அத்தா ஷரீஃப்


மயிலாப்பூர்
19 அக்டோபர் 1946

அன்பு மகள் ஷாகிராவுக்கு,

உன்மீதும் உன் வீட்டின்மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். மழை பிடித்துக்கொண்டது. கடையில் கூட்டம் தாங்கவில்லை. இடுப்பு ஒடிந்தாலும் சந்தோஷம்தான். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அத்தா என்று நீ எழுதியிருந்தாய். நான் கோபிக்கவில்லை. கோபிக்கிற தைரியம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

போன கடிதத்துக்குப் பிறகு சகினா என்னிடம் வந்து, “வாத்தியாருக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க மாமா” என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தள்ளிப்போட்டுப் பார்த்தேன். மறுபடியும் கேட்டாள். பெருநாளும் நெருங்கிவிட்டது. சரி, நேற்று ஜும்ஆ தொழுதுவிட்டு அடையாறுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, நல்ல சட்டையை மாட்டிக்கொள்ள வீட்டுக்கு வந்தேன்.

மழை விட்டிருந்தது. உன் அம்மா வழக்கம்போல் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நட்டில் கை வைத்திருந்தாள். அப்போது சகினா ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கம்பியைத் துடைக்கத் தொடங்கினாள். உன் அம்மா என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சகினா தலை நிமிராமல், “கத்துக்கிறேன் மாமி. எத்தனை சுத்து சுத்தணும்னு சொல்லிக்குடுங்க. உங்களுக்கு அப்புறம் நான்தானே திருகணும்?” என்றாள்.

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை ஷாகிரா. நிஜமாகவே கேட்டாள். அவ்வளவுக்கு வந்துவிட்டாள். அதுதான் உன் அம்மாவை உடைத்துவிட்டது. அவள் சகினாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நகத்திலெல்லாம் கறுப்பு கிரீஸ். தன் முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். நிறைய நேரம் துடைத்தாள். நான் சட்டையை ஒரு கையில் மாட்டியும் மற்றதில் மாட்டாமலும் நின்றேன்.

பிறகு அந்த நட்டை அவள் மறுபக்கம் திருகினாள். இத்தனை வருஷமாக ஒரே பக்கம் திருகிய கை, முதலில் பக்கம் தெரியாமல் தடுமாறியது. தளர்த்தி முடித்துவிட்டுச் சக்கரத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, “விட்றுடா பாஷா. இந்தப் புள்ள போகட்டும். அம்மாதான் லூஸ் பண்ணினேன், அம்மாகிட்ட கேளு” என்றாள். பிறகு அழுதாள். சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. சகினா அவளைக் கட்டிக்கொண்டு மாமி மாமி என்று கத்தினாள். தேவானை கூடையோடு உள்ளே ஓடிவந்தாள். மீனை எல்லாம் முற்றத்தில் போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்து அழுதாள். அவள் யாருக்காக அழுதாளோ, நான் கேட்கவில்லை.

அடையாறுக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்வதற்கு அல்ல. தஸ்தகீர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அவங்க மாமியாருக்கும் சம்மதமா?” என்றுதான் முதலில் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. கோர்ட்டு வேலையை நான் பார்க்க வேண்டும். அதன் பிறகு இத்தா. நாள் ஆகும், ஆகட்டும்.

இன்று காலை சேட்டு வந்தான். வண்டியை அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தள்ளினோம். உன் அம்மா பார்க்க வரவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது. வாசற்படிக் கல் வந்ததும் என் கால் தானாக நின்றது. வண்டி நிற்கவில்லை. படியில் ஏறி இறங்கி, முனகாமல் கொள்ளாமல் சந்தில் ஓடியது. இத்தனை லேசாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை.

சந்து முடிந்து கச்சேரி ரோடு திரும்பும் இடத்தில் சுப்புராயன் காத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்தடி முன்னால் வண்டி சட்டென்று நின்றது. சேட்டு தடுமாறி, “இன்னா பாய், மறுபடியுமா?” என்றான். இல்லை. நான்தான். கைப்பிடியில் இருந்த முன் பிரேக்கை என் கை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பிடித்திருந்தது. பிரேக் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன் என்று சேட்டுவிடம் பொய் சொன்னேன். நல்லா புடிக்குதா என்றான். நன்றாகப் பிடிக்கிறது என்றேன்.

விட்டுவிட்டேன். சுப்புராயன் ஏறி உட்கார்ந்தார், அந்தப் பள்ளத்தில். போய்விட்டார்.

முற்றத்தில் வண்டி நின்ற இடத்தில் மண் காய்ந்து வெளுத்திருந்தது. நான் திரும்பி வருவதற்குள் மழை பெய்து மற்ற இடம் போல அதுவும் நனைந்துவிட்டது. உன் அம்மா சோறு போட்டாள். சகினாவின் தட்டில் இரண்டு துண்டு மீன், எனக்கு ஒன்று.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். பிரசவத்துக்கு இங்கே வருவாய் என்று உன் அம்மா முற்றத்தைக் கூட்டி, தொட்டில் கட்ட இடம் பார்த்து வைத்திருக்கிறாள். அந்த இடம்தான். நல்லபடியாக வந்து சேர். உனக்கும் மாப்பிள்ளைக்கும் வரப்போகிற பிள்ளைக்கும், புது வீடு போகப்போகும் சகினாவுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நிறைந்த வாழ்வும் தரட்டும். தொழுகையில் உன் அண்ணனுக்காகவும் கை ஏந்து மகளே. எந்த துஆ என்று மட்டும் என்னைக் கேட்காதே.

உன் அத்தா
ஷரீஃப்